அந்த மனுவை எழுதியவள் நான்

பத்திரிகைக்கு நான் எழுதுவது இது மூன்றாவது தடவை. முதல் தடவை நண்டு மிளகுக் குழம்பு, இரண்டாவது தடவை நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு. இந்தத் தடவை சமையல் குறிப்பு இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாக மனசில் கல்லாகக் கிடக்கிற ஒரு விஷயம். எழுதலாமா வேண்டாமா என்று சம்பந்தப்பட்டவரிடமே போய்க் கேட்டேன். "எழுதேன், என் பேர் மட்டும் போடாத" என்றார். ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க அவர் 'நர்ஸம்மா'தான். எங்கள் ஊரில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள மணல் திட்டில் இருக்கிறது. பழவேற்காடு என்றால் சென்னைக்காரர்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காரில் வருவார்கள். 1613-ல் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை இருந்த இடத்தைப் பார்ப்பார்கள். எலும்புக்கூடு செதுக்கிய கல்லறை வாசலில் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பூநாரை பார்த்து, இறால் வாங்கிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார்கள். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இதுதான். பெரிய ஏரியே தவிர ஆழமான ஏரி இல்லை. சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான். கோடையில் முகத்துவாரத்தை மணல் மூடிக்கொண்டால் கடல் தண்ணீர் உள்ளே வராது. அப்போது படகு நடு ஏரியிலேயே சேற்றில் உட்கார்ந்துவிடும். இறங்கித் தள்ள வேண்டும். பார்க்க வருகிறவர்களுக்கு இந்தச் சேறு தெரியாது.

நான் கல்யாணமாகி இங்கே வந்தது 1998-ல், பதினெட்டு வயதில். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த மருமகள் என்று அத்தைக்கு (என் மாமியாருக்கு) அப்போது பெருமை. ரேஷன் கார்டு விண்ணப்பம், மீனவர் சங்கத்துக்குக் கடிதம் எல்லாம் ஊருக்கே நான்தான் எழுதிக் கொடுப்பேன். என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

2003-ல் என் நாத்தனார் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்தாள். என்னைவிட மூன்று வயது சின்னவள். "அண்ணி, அண்ணி" என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே சுற்றுவாள். கர்ப்பத்தில் அவள் பலப்பம் தின்பாள். பச்சரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். மசக்கை ஆசை என்று நாங்கள் சிரித்தோம். ரத்தம் குறைந்த பெண்கள்தான் இப்படி மண், சாம்பல், பலப்பம் என்று தேடுவார்கள் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. உங்கள் வீட்டில் கர்ப்பிணி யாராவது பலப்பம் கேட்டால் சிரிக்காதீர்கள் சகோதரிகளே, ரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

நர்ஸம்மா அப்போது எங்கள் பக்கத்துக் குப்பங்களுக்கெல்லாம் கிராம சுகாதார செவிலியர். நாற்பது வயது இருக்காது. தோளில் ஒரு பை, கையில் தடுப்பூசி ஐஸ் பெட்டி, செருப்பைக் கழற்றி இன்னொரு கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து வருவார். ஏழாம் மாதமே நாத்தனாரின் ரத்தத்தைச் சோதித்துக் கார்டில் எழுதினார்: 7.8. கர்ப்பிணிக்கு 11 கிராமாவது இருக்க வேண்டும். "இவ்ளோ கம்மியா ரத்தம் வெச்சுகினு வீட்ல பெத்துக்கக் கூடாதும்மா. ஒம்பதாம் மாசம் பொறந்ததும் ஏரிக்கு அந்தாண்ட யார் வீட்லயாவது கொண்டுபோய் வெச்சுடுங்க. வலி கண்டதும் பொன்னேரிக்குப் போயிடலாம்" என்று அத்தையிடம் இரண்டு தடவை சொன்னார். இரும்புச் சத்து மாத்திரையும் கொடுத்தார். அது வயிற்றைப் பிரட்டுகிறது, வெளிக்குக் கறுப்பாகப் போகிறது என்று நாத்தனார் பாதியை மணலில் புதைத்தாள். நான் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

வைகாசி மாதத்தில் ஒரு ராத்திரி வலி கண்டது. ஆண்பிள்ளைகள் எல்லாரும் பாட்டுக்குப் போயிருந்தார்கள். பாடு என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஏரியில் எந்த இடத்தில், யார், என்றைக்கு வலை கட்டுவது என்பதை எங்கள் ஊர்களில் சீட்டுப் போட்டு முறை பிரித்துக்கொள்வோம். பணக்காரன் ஏழை என்றில்லாமல் எல்லாருக்கும் நல்ல இடம் சுற்றி வரும். அதற்குப் பேர் பாடு. அன்றைக்கு எங்கள் வீட்டுக்குப் பாடு.

பதினொரு மணிக்குத்தான் நர்ஸம்மாவுக்கு ஆள் அனுப்பினோம். வந்ததும் "இப்பவே கெளம்புங்க" என்றார். "தலைப்பிரசவம், இழுத்துகினுதான் போகும், விடியட்டும்" என்றார் அத்தை. கரையில் படகும் இல்லை. மூன்றரை மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை நன்றாக அழுதது. நாங்களும் சந்தோஷத்தில் அழுதோம். அப்புறம்தான் நர்ஸம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

குழந்தை பிறந்ததும் கர்ப்பப்பை பந்து மாதிரி கெட்டியாகச் சுருங்க வேண்டும். அப்படிச் சுருங்கினால்தான் உள்ளே இருக்கிற ரத்தக் குழாய்களின் வாய் அடைபடும். சிலருக்கு அது சுருங்காமல் தளர்ந்தே இருந்துவிடும். அப்போது குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ரத்தம் போகும். நல்ல ரத்தம் உள்ள உடம்பு கொஞ்ச நேரம் தாங்கும். 7.8 எதைத் தாங்கும்? நர்ஸம்மா ஊசி போட்டார், வயிற்றைப் பிசைந்தார், அழுத்தினார். வலையிலிருந்து திரும்பிய ஒரு படகைப் பிடித்து நாத்தனாரைக் கட்டிலோடு தூக்கி வைத்தோம்.

நடு ஏரியில் படகு சேற்றில் உட்கார்ந்தது. மூன்று பேர் இடுப்பளவு சேற்றில் இறங்கித் தள்ளினார்கள். நாத்தனாரின் தலை என் மடியில். நர்ஸம்மா மண்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் அவள் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தார். "அண்ணி, குளுருது" என்றாள் நாத்தனார். வைகாசி மாதத்தில். கிழக்கு வெளுக்கிறபோது அவள் கை என் கையிலிருந்து நழுவிவிட்டது. கரை தட்டுகிறவரை நர்ஸம்மா தன் கையை எடுக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு ஊர்க் கூட்டம் போட்டார்கள். "இந்த நர்ஸ் வேணாம், மாத்தச் சொல்லி மனு போடணும்" என்று முடிவாயிற்று. யார் எழுதுவது? என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

எழுதினேன். நேரத்துக்கு வரவில்லை, சரியாகக் கவனிக்கவில்லை, ஒரு உயிர் போயிற்று என்று எழுதினேன். 7.8 என்பதை எழுதவில்லை. பதினொரு மணிக்குத்தான் ஆள் அனுப்பினோம் என்பதை எழுதவில்லை. மணலில் புதைந்த மாத்திரையை எழுதவில்லை. அந்தக் கை கரை வரைக்கும் எடுபடாததையும் எழுதவில்லை. எல்லாம் எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் தங்கையை இழந்து சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார். அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்குள் இருக்கிற குற்றத்தை வெளியே கொண்டுபோய் யார் தலையிலாவது இறக்கி வைத்தால் போதும் என்றிருந்தது. ஊரார் கைநாட்டு வைத்தார்கள், சிலர் கையெழுத்துப் போட்டார்கள். மனு போயிற்று.

விசாரணைக்கு வந்தார்கள். கார்டைப் பார்த்தார்கள். கார்டில் எல்லாம் இருந்தது. நர்ஸம்மா மேல் தப்பு இல்லை என்று முடிந்தது. ஆனால் அவர் மூன்று மாதம் லீவில் போய்விட்டார். இனிமேல் வரமாட்டார் என்றே நினைத்தோம்.

வந்தார். வந்த முதல் நாளே எங்கள் வீட்டு வாசலில் நின்றார். குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டும். தாயில்லாக் குழந்தையை நான்தான் வளர்த்துக்கொண்டிருந்தேன். திண்ணையில் உட்காருங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. தண்ணீர் கொடுக்கவில்லை. அவர் நின்றபடியே எடை பார்த்தார், ஊசி போட்டார், "ராத்திரி காய்ச்சல் வந்தா பயப்படாதீங்க" என்று காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். மறு மாதமும் வந்தார். அதற்கு மறு மாதமும் வந்தார். ஒன்றேகால் வருஷம் அந்த வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் இல்லாமல் அந்தக் குழந்தையின் எடையைக் கார்டில் குறித்தார்.

அந்த நாட்களில் அவர் பட்ட பாட்டைப் பல வருஷம் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். "படகுல கால வெச்சா ரத்த வாடை வரும். ஏரித் தண்ணிய அள்ளி மூஞ்சில அடிச்சுக்குவேன். ராத்திரி தூக்கத்துல யாரோ கூப்பிடற மாதிரியே இருக்கும், எழுந்து பையைத் தூக்கிகினு வாசல் வரைக்கும் வந்துடுவேன். கைய எத்தினி வாட்டி கழுவினாலும் நகக்கண்ணுல ஏதோ இருக்கற மாதிரி இருக்கும்." வீட்டில் சொன்னாரா என்று கேட்டேன். "நர்ஸு வேலைக்கு வந்துட்டு ரத்தத்தைப் பார்த்து பயந்தேன்னா சிரிக்க மாட்டாங்களா?" என்றார். நோயாளிக்கு விபரீதம் நடந்தால் வைத்தியம் பார்த்தவர் மனசிலும் ஓர் அடி விழுகிறது என்று ஆல்பர்ட் வூ என்ற அமெரிக்க டாக்டர் 2000-ல் எழுதியிருக்கிறாராம். என் பெண் போனில் படித்துக் காட்டினாள். எங்களுக்கு அதையெல்லாம் யார் சொன்னார்கள்?

2004 டிசம்பர் 26 வந்தது. சுனாமி. எங்கள் குப்பத்தில் படகும் வலையும் போயின. நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏரிக்கு இந்தப் பக்கம் ஓடி வந்து பள்ளிக்கூடத்தில் தங்கினோம். மறுநாள் காலையில் நர்ஸம்மா வந்தார். அவருடைய பெரிய நோட்டு தண்ணீரில் நனைந்து கூழாகிவிட்டிருந்தது. ஆனாலும் எந்தப் பெண்ணுக்கு எத்தனையாவது மாதம், யாருக்கு ரத்தம் கம்மி, எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி என்று வாயாலேயே வரிசையாகச் சொல்லி, ஆளைத் தேடித் தேடிப் பார்த்தார். குளோரின் போட்ட தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்று குடத்துக்குக் குடம் காவல் நின்றார். அத்தை அதையெல்லாம் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் டீ வந்தபோது தன் டம்ளரை எடுத்துக்கொண்டு போய் நர்ஸம்மாவிடம் நீட்டினார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் நர்ஸம்மா ஊர்க் கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னார். மீனுக்குப் பாடு பிரிக்கிறீர்களே, பிரசவத்துக்கு ஒரு பாடு பிரித்தால் என்ன? சீட்டு விழுகிற வீட்டுப் படகு அந்த வாரம் முழுக்க ராத்திரி கரையில் நிற்க வேண்டும். அந்த வாரத்து நஷ்டத்துக்கு ஊர்ப் பணத்திலிருந்து அரிசி. கோடையில் தண்ணீர் வற்றுகிற மாதங்களில் நாள் நெருங்கிய பெண்களைப் பதினைந்து நாள் முன்னாலேயே அந்தப் பக்கம் உறவுக்காரர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பெரியவர்கள் தலையாட்டினார்கள். முதல் சீட்டை எங்கள் வீட்டுக்காரர் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார். 2008-ல் 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் வந்த பிறகு போன் செய்தால் கரைக்கு வண்டி வந்துவிடும். ஆனால் ஆம்புலன்ஸ் ஏரிக்குள் வராது. அந்தப் படகுதான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

எல்லாம் ஒருவழியாக நிமிர்ந்தது என்றிருந்தபோது நர்ஸம்மாவுக்கு வியாதி வந்தது. 2010 என்று ஞாபகம்.

காலையில் எழுந்தால் விரல் மடங்காது. ஜாக்கெட் ஊக்கு போட முடியாது. ஊசி மருந்துக் குப்பியின் கழுத்தை உடைக்க முடியாது. ஒரு மணி நேரம் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்தான் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். வாயு என்று எண்ணெய் தடவினார். நானும் முடக்கத்தான் கீரையை அரைத்துத் தோசை வார்த்துக் கொடுத்தேன். (முடக்கத்தான் தோசை ருசியாக இருக்கும், உடம்புக்கும் நல்லது, ஆனால் இந்த வியாதியை அது நிறுத்தாது.) ஒரு வருஷம் யாரிடமும் சொல்லாமல் மறைத்தார். ஊருக்கெல்லாம் "உடனே ஆஸ்பத்திரிக்குப் போ" என்று சொல்கிறவர்! ஏன் என்று கேட்டதற்கு, "வேலைக்கு லாயக்கில்லன்னு எழுதிட்டா? ஏற்கெனவே ஒரு மனு ஒட்டின ஃபைலு என்னுது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

கடைசியில் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது முடக்குவாதம் என்றார்கள். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். வயதானால் வருகிற மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. நோயை எதிர்க்க வேண்டிய சக்தியே திரும்பி நம் மூட்டுகளைத் தாக்குகிறதாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. இரண்டு கையிலும் ஒரே மாதிரி சின்ன மூட்டுகளில் வீக்கம், காலையில் அரை மணி ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, இவை வாரக்கணக்கில் நின்றால் உடனே காட்ட வேண்டும். சீக்கிரம் மருந்து ஆரம்பித்தால் மூட்டு கோணாமல் காப்பாற்றலாம். நர்ஸம்மா தாமதித்துவிட்டதால் அதற்குள் வலது கையில் இரண்டு விரல் கோணிவிட்டன.

மருந்தைப் பற்றி ஒன்றை அவர் கட்டாயம் எழுதச் சொன்னார். மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரையை இந்த வியாதிக்கு வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினசரி மாத்திரை என்று நினைத்துத் தினமும் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. கூடவே டாக்டர் சொல்கிறபடி ஃபோலிக் அமில மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. கர்ப்பம் தரிக்க நினைக்கிற பெண்கள் முதலில் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். நர்ஸம்மா வீட்டுக் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு சிவப்பு வட்டம் இருக்கும். வேறு எந்தக் கிழமையிலும் அந்த டப்பாவைத் தொடமாட்டார்.

பேனா பிடிப்பதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. நர்ஸ் வேலையில் பாதி எழுத்து வேலை என்று உங்களுக்குத் தெரியுமா? ஒரு நாள் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து (அப்போதெல்லாம் உட்காருவார்) எழுத முடியாமல் பேனாவைக் கீழே கீழே போட்டார். அதைப் பார்த்த என் வீட்டுக்காரர் உள்ளே போய் வலையில் கட்டுகிற சின்ன மிதவை ஒன்றை எடுத்து வந்தார். மிதவையின் நடுவில் கயிறு போக ஓட்டை இருக்குமே, அதில் பேனாவைச் செருகினார். நல்ல தடிமனாயிற்று. விரலை மடக்காமலே பிடித்துக்கொள்ளலாம். நர்ஸம்மா சிரித்தார். கையெழுத்துப் போட அது போதும். பக்கம் பக்கமாக எழுதப் போதாது. வீடு வீடாகப் போய்க் குறிக்கிற நோட்டை, அவர் சொல்லச் சொல்ல நான் எழுத ஆரம்பித்தேன்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, நான் எழுதிய பக்கத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இந்த 'ழ' சுழியை நான் முன்னாடியே எங்கியோ பாத்திருக்கேன்" என்றார்.

'பழவேற்காடு' என்ற வார்த்தை மனுவில் நாலு இடத்தில் வரும்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மன்னிப்புக் கேட்கிற வார்த்தைகள் எல்லாம் ஏழெட்டு வருஷமாக மனசில் ஒத்திகை பார்த்து வைத்ததுதான், ஒன்றும் வரவில்லை. அழுதேன். அவர் நோட்டு நனையாமல் தள்ளி வைத்தார். "விசாரணை அன்னிக்கே காட்டினாங்க. படகுல கூட இருந்தவதான் எழுதியிருக்கான்னு அப்பவே தெரியும். ரொம்ப வலிச்சுது" என்றார். ஒன்றுமில்லை போ, பரவாயில்லை என்று அவர் சொல்லியிருந்தால் எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வந்திருக்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"அப்புறம் ஏன் நர்ஸம்மா திரும்பி வந்தீங்க? வேற ஊருக்குப் போயிருக்கலாமே?"

"போகணும்னுதான் மாத்தல் கேட்டு நானும் மனு போட்டேன். கிடைக்கல. உன் மனுவும் தோத்துச்சு, என் மனுவும் தோத்துச்சு. வந்துதானே ஆகணும், ரெண்டு பிள்ளைங்க இருந்துது எனக்கு" என்றார். நான் அழுகையோடு சிரித்துவிட்டேன். "அடுத்த வீட்டைச் சொல்றேன், எழுது" என்றார்.

2018-ல் அத்தைக்கு இரண்டு கண்ணிலும் புரை. நர்ஸம்மாதான் பார்த்துச் சொன்னார். சென்னையில் பூந்தமல்லிப் பக்கம் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். அங்கே சுவரில் ஒரு பெரியவர் படம். வெள்ளை முடி, சாதுவான சிரிப்பு. நான் பார்த்தது அவர் கையை. விரல்கள் எல்லாம் நர்ஸம்மாவின் விரல்களைவிடக் கோணல். அங்கே வேலை பார்க்கிற பெண்ணிடம் யார் என்று கேட்டேன். "எங்க ஆஸ்பத்திரிய ஆரம்பிச்ச டாக்டர் வெங்கடசாமி" என்றாள். அத்தைக்குக் கட்டு அவிழ்க்கிறவரை அவரைப் பற்றிக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன்.

1918-ல் எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் வடமலாபுரம் என்ற கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் காகிதம், பென்சில் கிடையாது. ஆற்று மணலைப் பரப்பி விரலால் எழுதிப் படித்தவர். உறவுப் பெண்கள் மூன்று பேர் கர்ப்பமாக இருந்தபோதே இறந்து போனதைப் பார்த்து, பிரசவம் பார்க்கிற டாக்டராக வேண்டும் என்று நினைத்தாராம். ஸ்டான்லியில் படித்து 1944-ல் டாக்டரானார். (எங்கள் ஏரி ஜனங்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி என்றால் சொந்த வீடு மாதிரி.) ராணுவத்தில் டாக்டராக இருந்தபோது முப்பது வயதில் முடக்குவாதம் அடித்துப் போட்டது. மாதக்கணக்கில் படுக்கை. பேனாவைக்கூடப் பிடிக்க முடியவில்லை. பிரசவ டாக்டராக முடியாது என்று ஆகிவிட்டது. கண் வைத்தியம் படித்தார். கோணிய விரலுக்கு ஏற்ற மாதிரி கருவிகளைச் செய்ய வைத்து, கத்தி பிடிக்கப் பழகி, தன் ஆயுளில் ஒரு லட்சத்துக்கும் மேல் கண் ஆபரேஷன் செய்தார். 1976-ல் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் ஆரம்பித்தார். 2006-ல் காலமானார்.

கருவியைக் கைக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டார் என்று கேட்டபோது எனக்கு உடனே ஞாபகம் வந்தது எங்கள் வலை மிதவைதான்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக நர்ஸம்மாவிடம் ஓடினேன். முழுக்கக் கேட்டார். அவருக்கும் ஒரு கதை தெரிந்திருந்தது, டிரெயினிங்கில் கேட்டதாம். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் மேரி வர்கீஸ் என்ற இளம் டாக்டர். 1954-ல் கார் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அங்கே இருந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகளுக்குச் செய்கிற ஆபரேஷனை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்று வழி காட்டினார். அந்த அம்மாள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஆபரேஷன் செய்தார். பிறகு வெளிநாடு போய்ப் படித்துவிட்டு வந்து, தன்னைப் போல் முடங்கியவர்களுக்காக வேலூரில் 1966-ல் மறுவாழ்வு மையம் உண்டாவதற்குக் காரணமாக இருந்தார். 1972-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

"எல்லாம் பெரிய மனுஷங்க" என்றார் நர்ஸம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அந்த வெங்கடசாமி டாக்டருக்கு, நம்மால ஒரு பிரசவம் பாக்க முடியலியேன்னு மனசு ஓரத்துல இருந்திருக்கும்" என்றார். எனக்கு அவர் யாரைப் பற்றிச் சொல்கிறார் என்று புரிந்தது. விரல் கோணின பிறகு அவர் கையால் ஒரு குழந்தையை எடுக்கவில்லை. இப்போது எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான், அதற்காக ஊர் ஊராக அலைந்தவரே அவர்தான். ஆனாலும் அந்த ஏக்கம் வேறு.

இந்த மாதிரி கதைகளைச் சொல்கிறவர்கள் கடைசியில் மனவுறுதி, தன்னம்பிக்கை என்று முடிப்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கோபம் உண்டு. மனவுறுதி மட்டும் சேற்றில் படகைத் தள்ளாது. மூன்று பேர் இறங்க வேண்டும். வெங்கடசாமி டாக்டருக்குக் கருவி செய்து கொடுக்க ஆள் இருந்தார்கள். கூடப் பிறந்தவர்கள் குடும்பத்தோடு வந்து அவர் ஆஸ்பத்திரியில் வேலை செய்தார்கள். மேரி வர்கீஸ் அம்மாளை ஒரு ஆஸ்பத்திரியே கைவிடாமல் வைத்துக்கொண்டது. எங்கள் நர்ஸம்மாவுக்கு முதலில் நாங்கள் கொடுத்தது ஒரு மனு. அந்த மூன்று மாத லீவில் ஒருத்தராவது போய் "எப்படிம்மா இருக்கே" என்று கேட்டிருந்தால் பிற்பாடு அவர் வியாதியை ஒரு வருஷம் மறைத்திருப்பாரா? அந்த இரண்டு விரல் கோணியதில் என் கையும் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அவர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். பழவேற்காட்டிலேயே பிள்ளையோடு இருக்கிறார். நாத்தனாரின் பெண் பொன்னேரியில் காலேஜ் படித்து முடித்துவிட்டாள். நர்ஸுக்குப் படியேன் என்று எவ்வளவோ சொன்னேன். ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருகிறது என்று பி.காம். சேர்ந்தாள். நர்ஸம்மாவிடம் மட்டும் தனிப் பாசம். ஞாயிற்றுக்கிழமையானால் போன் செய்து "ஆயா, மாத்திரை போட்டியா?" என்று கேட்பாள்.

போன வாரம் இந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு போய் நர்ஸம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மனு எழுதிய இடத்தில் எனக்குக் குரல் கம்மியது, அவர் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் ஒரே ஒரு திருத்தம் சொன்னார். நாத்தனாரின் ரத்த அளவை நான் ஞாபகத்திலிருந்து 8 என்று எழுதியிருந்தேன்.

"எட்டு இல்ல. ஏழு புள்ளி எட்டு" என்றார்.

மேலே திருத்தி எழுதிவிட்டேன்.